விழுந்த கை எழ வேண்டாமா?

கொங்கு நாட்டில் ஒருவரைப் பக்கவாதம் தாக்கினால் நம் மக்கள் அதனை நோயின் பெயரால் குறிப்பிடுவதில்லை. "கை கால் விழுந்து போச்சு" என்றே சொல்வார்கள். உழுத கையும், தறி ஓட்டிய கையும், மாவரைத்த கையும் ஒரே இரவில் பயனற்றுத் தொங்குவதைக் கண்ணாரக் கண்ட மக்களின் சொல் அது. ஆயினும் அச்சொல்லில் ஒரு பிழையும் ஒளிந்திருக்கிறது. உண்மையில் விழுந்தது கையன்று; கைக்குக் கட்டளையிடும் மூளையின் ஒரு பகுதி. தசையும் எலும்பும் நேற்று இருந்தபடியே இருக்கின்றன. ஆணையிடுபவன்தான் இல்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. "கை விழுந்துவிட்டது" என்று நம்பும் குடும்பம், எண்ணெய் தேய்த்துவிட்டு விதியை நொந்துகொள்ளும். "மூளை மீண்டும் கற்க வேண்டும்" என்று அறிந்த குடும்பம், பயிற்சியைத் தொடங்கும். ஒன்று காத்திருப்பது, மற்றொன்று உழைப்பது. இவ்விரண்டுக்கும் இடையேதான் பல்லாயிரம் நோயாளிகளின் வாழ்வு ஊசலாடிக்கொண்டிருக்கிறது.

இன்று நாளிதழ்களில், நோயாளியின் கையைப் பிடித்து இயக்கும் இயந்திரங்கள் பற்றியும், நரம்பைத் தூண்டும் மின்கருவிகள் பற்றியும் வியப்பூட்டும் செய்திகள் வருகின்றன. அவற்றைப் படிக்கும் நம்மவர், "இதெல்லாம் நம்மூருக்கு எப்போது வரும்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது மட்டுமன்று என்பது என் கருத்து. இயந்திரம் தனியே நோயாளியை எழுப்பிவிடாது. குடும்பத்தின் பாசமும் தனியே எழுப்பிவிடாது. இரண்டையும் இணைக்கும் பயிற்சி பெற்ற கை ஒன்று வீடு தேடி வர வேண்டும். அந்தக் கை வராதவரை எந்தப் புதுமையும் கண்காட்சிப் பொருளாகவே நின்றுவிடும்.

நோயின் இயல்பு

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்கின்றன. ஆகவேதான் ஒரு பக்கத்துக் கையும் காலும் சேர்ந்து செயலிழக்கின்றன. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிவதாக 2006-ஆம் ஆண்டில் கணக்கிட்டார்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வாய் கோணினாலோ, கை சரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம். புறா இரத்தம் பூசிக் காலத்தைக் கழிக்கும் வழக்கம் நம் கிராமங்களில் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை.

ஆனால் இது முதல் சில மணி நேரத்தின் கதை. உயிர் பிழைத்து வீடு திரும்பியவரின் அடுத்த பல மாதங்களைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன். உயிரைக் காப்பாற்றிய மருத்துவத்தைப் பாராட்டுகிறோம். காப்பாற்றிய உயிர் கட்டிலிலேயே கிடப்பதை எவரும் பேசுவதில்லை.

அம்மியை நகர்த்தும் அடிகள்

அழிந்த நரம்பணுக்கள் மீளாவிட்டாலும், எஞ்சியிருக்கும் மூளைப் பகுதிகள் புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையவை. முதல் மூன்று மாதங்களில் இம்மாற்றம் விரைவாக நிகழ்கிறது. அதன் பின்னரும் மெதுவாகத் தொடர்கிறது. ஆனால் அது தானாக நிகழ்வதன்று. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளையில் புதுப்பாதை பதிகிறது. "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் நரம்பியல் இன்று ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிக்கிறது.

எத்தனை அடி வைக்க வேண்டும்? விலங்குகளை வைத்து நடத்திய ஆய்வுகளில், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை ஒரு செயலைச் செய்ய வைத்தபோதுதான் மூளையில் மாற்றம் காணப்பட்டது. வட அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வோ, பக்கவாத நோயாளிகளுக்கு நடந்த பயிற்சிகளை நேரில் எண்ணிப் பார்த்தது. பயனுள்ள கைச்செயல்கள் ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறையே செய்யப்பட்டன! செல்வம் மிக்க நாட்டின் நிலை இதுவானால், மாதம் ஒருமுறை மட்டும் பேருந்தேறி நகரத்து மருத்துவமனைக்கு வந்துபோகும் நம்மூர் நோயாளியின் நிலை என்ன?

பயிற்சியின் வலிமைக்கு மற்றொரு சான்றும் உண்டு. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, விழுந்த கையையே நாள் முழுதும் பயன்படுத்த வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. விரல்களில் ஓரளவு அசைவு எஞ்சியிருந்த 222 நோயாளிகளிடம் இரண்டு வாரங்கள் இதனைச் செய்து பார்த்து, அமெரிக்க ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைவிட இவர்களுடைய கை நன்கு தேறியிருந்தது. இதற்கு வேண்டிய கருவி ஒரு கையுறை மட்டுமே.

நம் மண்ணோடு தொடர்புடைய எடுத்துக்காட்டு ஒன்றையும் சொல்லலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி.எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் வலியைத் தணிக்க 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பயன்படுத்தினார். நல்ல கையின் பிம்பம் இழந்த கை போலத் தோன்ற, மூளை அதனை நம்புகிறது. அதே கண்ணாடியைப் பக்கவாத நோயாளிகளிடம் பயன்படுத்திய முதல் சிறு ஆய்வு 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்று உலகின் பல சிகிச்சை நிலையங்களில் அம்முறை கையாளப்படுகிறது. புதிய தொழில்நுட்பம் என்றாலே கோடி ரூபாய் என்று பொருளன்று என்பதற்கு இந்தக் கண்ணாடி போதும்.

கருவிகளின் வரவு

இதனால் இயந்திரங்களை நான் எதிர்ப்பதாக எவரும் எண்ண வேண்டாம். இயற்பியல் மாணவருக்கு இயந்திரத்தின் மீது பகை இருக்க இயலுமா? செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடித்ததைக் கால்வானி கண்டது பதினெட்டாம் நூற்றாண்டில். அந்த வழியில் நடந்துதான், நடக்கும்போது பாதம் தொங்கிவிடும் நோயாளியின் நரம்பைச் சரியான நொடியில் மின்சாரத்தால் தூண்டி, பாதத்தைத் தூக்கவைக்கும் கருவியை அமெரிக்காவில் லிபர்சன் குழுவினர் 1961-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். நோயாளியின் கையைத் தாங்கி, அவர் முயலும் அளவுக்கு ஏற்ப உதவிசெய்யும் இயந்திரக் கையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1990-களில் உருவாக்கினர். கழுத்து வழியே செல்லும் வேகஸ் நரம்பைப் பயிற்சியின்போது தூண்டும் கருவிக்கு 2021-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. இயந்திரத்துக்கு அலுப்பில்லை. முந்நூறாவது முறையும் முதல் முறை போலவே கையைப் பிடிக்கும். எவ்வளவு அசைந்தது என்பதை அளந்தும் சொல்லும்.

ஆயினும் அதன் எல்லையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். மேற்சொன்ன இயந்திரக் கையைக் கொண்டு பிரிட்டனில் 770 நோயாளிகளிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2019-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு சிந்திக்கத் தக்கது. இயந்திரப் பயிற்சி பெற்றவர்களின் கை அசைவு சற்றுக் கூடியது. ஆனால் பொருள்களை எடுத்தல், பிடித்தல், வைத்தல் போன்ற பயனுள்ள கைச்செயல்களில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட அவர்கள் முந்திவிடவில்லை.

இதன் பொருள் என்ன? இயந்திரத்தில் அசைந்த கை, அடுக்களையிலும் வயலிலும் அசைய வேண்டுமானால், அடுக்களை வேலையையும் வயல் வேலையையும் பயிற்சியாக்க வேண்டும். சொம்பைத் தூக்குவதும், நிலக்கடலை உடைப்பதும், பருத்தியில் கொட்டை எடுப்பதும், சட்டைக்குப் பொத்தான் போடுவதும் பயிற்சிகளே. இயந்திரம் தந்த அசைவை வாழ்க்கையாக மாற்றித் தரும் ஒருவர் நோயாளியின் அருகில் இருந்தாக வேண்டும்.

உடனிருப்பவரின் சுமை

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை வகுத்தார் வள்ளுவர்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். முதல் மூவரைப் பற்றிப் பேசும் நம் காலம் நான்காமவரை மறந்துவிட்டது.

அவிநாசிக்கு வடக்கே உள்ள சிற்றூரில் என் அம்மாயி மூன்று ஆண்டுகளுக்கு முன் வலப்பக்கம் செயலிழந்தார்கள். எட்டு நாட்கள் மருத்துவமனை, பிறகு வீடு. கையில் கொடுத்தனுப்பியது மாத்திரைச் சீட்டும், ஆறு பயிற்சிப் படங்கள் அச்சிட்ட ஒரு தாளும். படத்தில் உள்ளதைச் செய்து காட்டியவர் எவருமில்லை. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என் அத்தை வேலையை விட்டார். குளிப்பாட்டுவதும், சோறூட்டுவதும், தூக்கி உட்கார வைப்பதும் அவர் வேலையாயின. அவருடைய சம்பளம் நின்றது. இரண்டாவது மகளின் படிப்புக்குக் கடன் வாங்க நேர்ந்தது. அந்தக் கணக்கு எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

அந்த அத்தையிடம் அன்புக்குக் குறைவில்லை. தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு நழுவி வலியெடுக்கும் என்று சொல்லித்தரத்தான் ஆளில்லை. நான்கு மாதம் கழித்து, அரசுத் திட்டத்தின் வழியே இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒரு மணி நேரத்தில் நாற்காலியிலிருந்து எழும் முறையையும், துண்டை வைத்து மேசைமேல் கையை நகர்த்தும் முறையையும் கற்பித்தார். இன்று அம்மாயி தடியூன்றி வாசல்வரை வருகிறார்கள். ஆனால் விரல்கள் மடங்கியது மடங்கியபடியே இருக்கின்றன. "ஏங் கண்ணு, இந்தக் கை மறுக்கா எந்திரிக்குமா?" என்று கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரம் நான்காம் மாதத்தில் வராமல் முதல் வாரத்திலேயே வந்து, வாரந்தோறும் தொடர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் எண்ணாத நாளில்லை.

"குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதாதா? அவர்களே பார்த்துக்கொள்வார்களே!" என்று சிலர் கூறலாம். நம் நாட்டிலேயே அதனைச் சோதித்துப் பார்த்தார்கள். இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த அந்த ஆய்வின் முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான கவனிப்பு; மறு பிரிவினருக்கு அதனோடு, பயிற்சி பெற்ற குடும்பத்தார் வீட்டில் தரும் சிகிச்சை. ஆறு மாதங்களுக்குப் பின் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் இரு பிரிவிலும் நூற்றுக்கு 47 பேர். வேறுபாடே இல்லை! இதனால் குடும்பத்தின் உழைப்பு வீண் என்று ஆகாது. நூல் பிடித்து வழிகாட்டும் கொத்தனார் இல்லாமல் சித்தாள் மட்டும் சுவர் எழுப்ப இயலாது என்பதே நான் கொள்ளும் பொருள்.

மிகையான ஆர்வமும் தீங்காகலாம். நோய் தாக்கிய 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடக்கவைப்பது நல்லதா என்று ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் ஆராய்ந்து 2015-ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டார்கள். அவ்வாறு செய்தவர்களைவிட, அளவாகத் தொடங்கியவர்களே நன்கு தேறினார்கள். எப்போது, எவ்வளவு, எப்படி என்று அறிந்து சொல்லும் அறிவுக்குப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்புப் படித்தவரை நோயாளியின் வீட்டுக்கு அனுப்புவது சமுதாயத்தின் கடமை.

வேலூர் காட்டிய வழி

இக்கடமையை முன்னரே உணர்ந்தவர்கள் தமிழகத்தில் உண்டு. 1954-ஆம் ஆண்டில் நேர்ந்த வாகன விபத்தால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966-ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சார்பில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் வேண்டும் என்பதைத் தம் உடலாலேயே உணர்ந்தவர் கட்டிய பாலம் அது.

அதே வேலூர்க் கல்லூரியும் சென்னை ஐ.ஐ.டி.யும் இணைந்து, அண்மைக் காலத்தில் 'புளூட்டோ' என்னும் கைப்பயிற்சி இயந்திரத்தை உருவாக்கியிருக்கின்றன. மணிக்கட்டுக்கு ஒன்று, விரல்களுக்கு ஒன்று எனத் தனித்தனி இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஒரே மோட்டார், அதில் வெவ்வேறு கைப்பிடிகளை மாற்றி மாட்டிக்கொள்ளலாம். நோயாளி திரையில் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டே பயிற்சி செய்கிறார். மேசைமேல் வைக்கத் தக்க சிறிய கருவி. வெளிநாட்டுப் பேரியந்திரத்தை இறக்குமதி செய்வதைவிட இந்த வழியே நமக்கு ஏற்றது என்பேன்.

ஒரு மோட்டார், சில கைப்பிடிகள்! இதைக் கேட்டதும் கோவை மாணவர் நெஞ்சில் ஓர் எண்ணம் எழ வேண்டாமா? 1937-ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடு அவர்கள் மின்மோட்டார் உருவாக்கிய ஊர் இது. 1955-ஆம் ஆண்டில் சபாபதி அவர்கள் ஆட்டுக்கல்லுக்கு மோட்டாரைப் பூட்டி, மாவரைக்கும் பெண்களின் தோள்வலியைக் குறைத்த ஊர் இது. பெருநிறுவனங்கள் பேரியந்திரங்களால் செய்த நாப்கினைச் சிறிய இயந்திரத்தால் கிராமத்துப் பெண்களே செய்யலாம் என்று காட்டிய அருணாசலம் முருகானந்தம் அவர்களும் இவ்வூர்க்காரரே. கணபதியிலும் பீளமேட்டிலும் கடைசல் பட்டறை நடத்துவோர், வால்வும் பம்பும் கடையும் அதே நேர்த்தியோடு ஒரு நோயாளியின் விரலைத் திறக்கும் கைப்பிடியைக் கடைய இயலாதா? மருத்துவர் தேவையைச் சொல்ல, பொறியாளர் வரைய, பட்டறைக்காரர் செய்ய, இயன்முறைச் சிகிச்சையாளர் சோதிக்க, இவர்களை ஓரிடத்தில் கூட்டும் ஏற்பாடுதான் வேண்டும்.

செய்ய வேண்டியவை

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகளை வீட்டிலேயே தருவதோடு, இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவந்தது அத்திட்டம். வீடு தேடி வருதல் என்னும் கொள்கை சரியானது. அளவுதான் போதாது. ஒருவரே பல ஊர்களைச் சுற்றிவர நேர்ந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் எத்தனை நாளுக்கு ஒருமுறை வர இயலும்? ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது: பக்கவாத நோயாளி மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே சிகிச்சையாளரின் வருகை தொடங்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு வாரந்தோறும் வருதல் நோயாளியின் உரிமை என ஆக வேண்டும். அதற்கேற்ப இடங்களை உருவாக்கி, படித்துவிட்டு வேலையின்றி நிற்கும் இளைஞர்களை நியமிக்கலாம்.

இரண்டாவது: நூலகத்தில் நூல் இரவல் தருவது போல, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சிக் கருவிகளை இரவல் தரலாம். ஒரு நோயாளிக்கு மூன்று மாதம், பிறகு அடுத்தவருக்கு. கண்ணாடிப் பெட்டி, நரம்பு தூண்டும் கருவி, கைப்பயிற்சி இயந்திரம் ஆகியன ஒரு வீட்டுக்கு விலை மிகுந்தவை. ஓர் ஊருக்கு அவ்வாறல்ல.

மூன்றாவது: உடனிருந்து பேணுபவருக்கு, குறைந்தது அந்த மூன்று மாதங்களுக்கேனும் இழந்த கூலியில் ஒரு பங்கை அரசு ஈடுசெய்ய வேண்டும். பெண் வீட்டில் செய்வதெல்லாம் விலையில்லா வேலை என்னும் எண்ணத்தின் மீதே நம் மருத்துவச் செலவுக் கணக்கு கட்டப்பட்டிருக்கிறது.

"இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே?" என்று பொருளாதாரத் துறை நண்பர்கள் கேட்கக்கூடும். பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது, நண்பர்களே! வேலையை இழந்த நோயாளியின் கூலியாக, வேலையை விட்ட மருமகளின் சம்பளமாக, படிப்பு நின்ற பேத்தியின் எதிர்காலமாகச் செலவாகிறது. ஏழை வீட்டுப் பெட்டியிலிருந்து போவதால் அது செலவாக நம் கண்ணுக்குப் படுவதில்லை. வாழ்நாளில் நால்வரில் ஒருவருக்குப் பக்கவாதம் வரக்கூடும் என்று உலகப் பக்கவாத அமைப்பு கணித்திருக்கிறது. நால்வர் கொண்ட எந்த வீடும் இக்கணக்கிலிருந்து தப்பியதாக எண்ணிக்கொள்ள முடியாது.

அரசு செய்யட்டும் என்று நாம் வாளாவிருக்கவும் கூடாது. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஆண்டுதோறும் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். இவ்வாண்டு முகாம் நடக்கும் ஊரில் கை கால் செயலிழந்து வீட்டுக்குள்ளேயே கிடப்போர் எத்தனை பேர், அவர்களைச் சிகிச்சையாளர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்போம். கணக்கை வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுப்போம். கொடுத்ததோடு நில்லாமல் அடுத்த மாதம் போய்க் கேட்போம். தமிழ் படிப்பவர் பயிற்சி முறைகளை எங்கள் அம்மாயிக்குப் புரியும் தமிழில் எழுதித் தரலாம். இயற்பியல் படிப்பவர் கண்ணாடிப் பெட்டி செய்து கொடுக்கலாம். அட்டையும் கண்ணாடியும் ஒரு பிற்பகலும் போதும்.